அக்கா தைத்த ஓட்டைகள்

1

இந்தக் கதை ஒரு டிரையரிலிருந்து வந்தது. துணி உலர்த்தும் மெஷின்தான். (ஏதாவது உயர்ந்த இடத்திலிருந்து வந்தது என்று சொல்ல ஆசை, வாய் வரவில்லை.) முதல் வரியாக ‘அன்று மெஷின் உறுமியது’ என்று எழுதி அடித்துவிட்டேன். அது உறுமவே இல்லை. நல்ல பிள்ளையாகச் சுற்றி, என் சட்டைகளைக் கடித்துத் துப்பியது. உறுமியவன் நான்.

2

அத்தான் இறந்தபின் அக்கா எங்களோடு இருந்தாள். துணி துவைப்பது அவள் பொறுப்பு. என் சட்டைகளில் ஓட்டை விழுந்தபோது, என்னிடம் சொல்லாமல் அதே நிற நூலால் தைத்து, மடித்து அலமாரியில் வைத்துவிட்டாள். ஐந்து சட்டைகள். ஆறாவதில் கண்டுபிடித்தேன்.

“தப்பு உன் மேல இல்லன்னா எதுக்குக்கா மறைச்சு மறைச்சுத் தைக்கணும்?”

அதற்கு அக்கா...

[இங்கே அவளுக்குச் சுருக்கென்று ஒரு வசனம் எழுதிப் பார்த்தேன். நிஜத்தில் அவள் அந்த ஆறாவது சட்டையையும் மடித்து வைத்துவிட்டு உள்ளே போனாள்.]

அந்த வாரமே தன் மகள் வீட்டுக்குப் போய்விட்டாள். எழுதியதை அடிக்கலாம், பேசியதை அடிக்க முடியவில்லை. நான் தடுக்கவும் இல்லை.

3

அவள் போன பிறகும் சட்டை கிழிந்தது. மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். (இவரை ஞானியாக்கும் சபலம் வந்தது. வேண்டாம். மனிதர் கொட்டாவி விட்டுக்கொண்டே வேலை பார்த்தார்.)

“டிரம் ஓரத்துல சந்தை அடைக்கிற ஃபெல்ட் துணிப்பட்டை தேஞ்சுபோச்சு சார். இந்தச் சந்துல துணி மாட்டிக் கிழியுது. யாரு போட்டாலும் இதான் கதி.” சந்துக்குள்ளிருந்து ஒரு பச்சைத் துண்டுத் துணியை இழுத்துப் போட்டார். “இது யாரோடது?”

அக்காவின் நைட்டி. அவள் துணியும் கிழிந்திருக்கிறது. ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கு அவமானமாக இருந்தது. புது ஃபெல்ட் ஒட்டிவிட்டு அவர் அரை மணியில் கிளம்பினார்.

4

முடிவு ஒன்று: நான் மன்னிப்புக் கேட்கிறேன், அக்கா அழுகிறாள். முடிவு இரண்டு: அக்கா பெட்டியோடு வாசலில்... (கூச்சமாக இருந்தது, நிறுத்திவிட்டேன்.)

நடந்தது இதுதான். போன் செய்து, “மெஷின்லதான் கோளாறாம் அக்கா” என்றேன். ‘என்னை மன்னிச்சுடு’ என்ற அடுத்த வாக்கியத்தைத் தயாராக வைத்திருந்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

“அப்பவே உன்கிட்ட சொல்லியிருக்கணும்டா. மறைச்சது என் தப்புதான். மனசுல வச்சுக்காத.”

“பரவால்லக்கா, விடு” என்று சொல்லிவிட்டேன்.

அவளை மன்னித்தே விட்டேன், பாருங்கள்! மறுபடி அவள் எண்ணை அழுத்தி... இல்லை, அழுத்தவில்லை. இதற்குமேல் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். தயவுசெய்து என்னை நல்லவனாக மட்டும் எழுதிவிடாதீர்கள்.