ஹராஸ் மரத்திலிருந்து நாற்பது அடி

...நாற்பது என்றுதான் சொன்னேன், ஒன்று கூடவும் இல்லை ஒன்று குறையவும் இல்லை, ஹராஸ் மரத்தில் முதுகைச் சாய்த்து நின்று, சூரியன் எழும் பக்கமாக நாற்பது அடி எண்ணி நடந்து, நின்ற இடத்தில் தோண்டுங்கள் என்று சொன்னேன், என் வீட்டுக்காரரும் கழுதையின் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டே நாற்பது, நாற்பது என்று இரண்டு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டு கிளம்பினார், போக ஒரு நாள், வர ஒரு நாள், இன்றோடு நான்கு விடியல் ஆகிவிட்டது, ஒரு குழியைத் தோண்ட ஒரு மனிதருக்கு எவ்வளவு நேரம் வேண்டும்... குழாய் இன்னும் திறக்கவில்லை. என் மஞ்சள் கேன் வரிசையில் இருபத்திரண்டாவதாக நிற்கிறது. இந்த முகாமில் கேன்கள்தாம் வரிசையில் நிற்கும், ஆட்கள் நாங்கள் தகர நிழலில் உட்கார்ந்திருப்போம், அடுத்தவள் கேனை யாரும் நகர்த்தக் கூடாது, வேறு எந்தச் சட்டம் நிற்கிறதோ இல்லையோ இது ஒன்று நிற்கிறது. மடியில் ஹல்லூமா தூங்குகிறாள், மூன்று வயது, அந்தக் கரையில் வயிற்றில் இருந்தாள், இந்தக் கரையில் வந்து பிறந்தாள், உன் ஊர் எதடி என்றால் கூடாரத்தைக் காட்டுகிறாள். கரை என்ன கரை, நடுவில் வெறும் மணல், மழைக்கு நாலு நாள் ஓடும் ஆறு, அதுதான் இரண்டு நாடுகளுக்கு எல்லையாம். எங்கள் ஊரை எரித்த குதிரைக்காரர்களுக்கு அதை யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. பத்து நாளுக்கு முன்னால் இந்தப் பக்கமே வந்து, எங்களுக்கு இடம் கொடுத்த ஊர்க்காரர்களின் மாடுகளை ஓட்டிக்கொண்டு போனார்கள், தடுத்த இரண்டு பேரைச் சுட்டுவிட்டும் போனார்கள்.

அந்த இரண்டு பேரில் ஒருவர்தான் எங்களுக்கு உழுதுகொள்ளத் துண்டு நிலம் தந்தவர், பாவம், நல்ல மனுஷன்... நிலம் இருக்கிறது, விதை எங்கே? முகாமில் கொடுக்கிற கம்பு தின்னத்தான், மண்ணில் போட்டால் முளைக்காது, அதையும் கொண்டுவரும் லாரி ஒரு மாதமாக இல்லை, இந்த நாட்டு அரசை எதிர்க்கிற கூட்டம் சாலையில் உட்கார்ந்திருக்கிறது. எங்கள் நாட்டு அரசை எதிர்க்கிற கூட்டம் வேறு, அதில் என் தம்பி கமீஸ் இருக்கிறான், துப்பாக்கி வந்ததும் மீசை வந்துவிட்டதாக நினைப்பு அவனுக்கு. போன வாரம் வந்தவன்தான் இந்த நெருப்பை மூட்டினான். "அக்கா, அந்தக் கரையில ஒத்தக் குதிரை கிடையாது. ஊரே புல்லாக் கெடக்கு. நம்ம வீடு எங்க இருந்துச்சுன்னே எனக்குத் தெரியல. மரம் நிக்குது, கெணறு இருக்கு, அம்புட்டுதான்." மரம் நிற்கிறது என்றானே, அதற்குமேல் அவன் பேசிய எதுவும் என் காதில் விழவில்லை. என் குழி இருக்கிறது. மூன்று மூட்டைக் கம்பு, என் நிலத்துக் கம்பு, கதிர் பார்த்துப் பார்த்து நானே எடுத்துவைத்த விதை.

எங்களில் ஆணுக்கு ஒரு வயல், பெண்ணுக்கு ஒரு வயல், அவரவர் தானியம் அவரவர் குழியில், பெண்டாட்டியின் குழியை எட்டிப் பார்த்தவன் என்று ஒருவனுக்குப் பேர் வந்துவிட்டால் சந்தையில் தலை காட்ட முடியாது. ஆறு வருஷக் குடித்தனத்தில் அர்பாப் ஒரு நாள் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. இந்த முறை கேட்டார், தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார். சமையல் குடிசைக்குப் பின்னாலயா என்றார். சொல்லியிருக்கலாம், ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், வாயில் கொழுப்பு எனக்கு. "குடிசை எங்க இருக்கு இப்போ? அடி எண்ணுங்க, போதும்." அவர் தயங்கினார் என்று அதற்கும் ஒரு குத்தல். "இந்த மழையும் போச்சுன்னா உங்க தாடியைத்தான் வெதைக்கணும்." சிரித்தார். தாடியைத் தடவிக்கொண்டு சிரித்தார், சிரித்துக்கொண்டே போனார்... போகாதீங்க என்று நான் சொல்லியிருந்தால் நின்றிருப்பார்.

வெயில் ஏறுகிறது, கண் சொருகுகிறது, குழி வெட்டிய நாளும் இப்படித்தான் வெயில். பக்கத்து ஊரில் காலையிலேயே புகை எழுந்தது, ஆண்கள் எல்லாம் மரத்தடியில் கூடிப் பேசிக்கொண்டே இருந்தார்கள், நான் வேலிக்குள்ளே தனியாகத் தோண்டினேன், குனிந்தால் மூச்சு முட்டுகிறது, எழுந்தால் தலை சுற்றுகிறது, உள்ளே வைக்கோல் பரப்பி, கம்பைக் கொட்டி, மேலே மறுபடி வைக்கோல், மண், சாணம், அதன்மேல் மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டிவிட்டேன், சாம்பல் கிடக்கிற இடத்தை எவன் தோண்டப் போகிறான். ஆண்கள் கலைந்ததும் மரத்திலிருந்து அடுப்புவரை அடி எண்ணி வைத்துக்கொண்டேன். அன்று ராத்திரிக் கஞ்சியை அந்த அடுப்பில்தான் காய்ச்சினேன். அர்பாப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து குடித்தார், இது என்ன புது அடுப்பு என்றுகூடக் கேட்கவில்லை, எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை, மனிதர் விதையின்மேல் உட்கார்ந்து கஞ்சி குடிக்கிறாரே என்று... மரத்தில் இலை பச்சைப்பசேலென்று இருந்தது. ஹராஸ் அப்படித்தான், ஊரெல்லாம் காய்ந்தால் அது துளிர்க்கும், மழை வந்தால் உதிர்த்துவிட்டு நிற்கும். இந்நேரம் இலை உதிர ஆரம்பித்திருக்கும்.

தண்ணீர் வந்துவிட்டது. கேன்கள் ஒவ்வொன்றாக முன்னே நகர்கின்றன. எங்கள் ஊர் மஸ்தூரா வரிசையில் எனக்கு முந்தினவள், வாய் ஓயாதவள், ஏழு பெற்று இரண்டைக் கொண்டுவந்தவள், அவள் பேச்சை நிறுத்தினால் எனக்குப் பயமாக இருக்கும். எதிரே புதுக் கூடாரத்துப் பெண் ஒருத்தி தன் கேனை நோக்கி வருகிறாள், நிறைமாதம், இடுப்பில் கை கொடுத்து, ஒரு கால், அப்புறம் மெல்ல இன்னொரு கால். மஸ்தூரா விடுவாளா. "ஏடி பொண்ணே, இந்த நடையில வந்தீன்னா, நீ குழாய்க்கு வர்றதுக்குள்ள உள்ள இருக்குறது எறங்கி நடந்துரும்." எல்லாரும் சிரிக்கிறார்கள், அந்தப் பெண்ணும் சிரிக்கிறாள், நானும் சிரிக்க வாயைத் திறந்தேன்...

ஐயோ.

அன்று எனக்கும் நிறைமாதம்தானே. மரத்தில் முதுகைச் சாய்த்து நாற்பது எண்ணிய கால் இந்தக் கால் இல்லையே. ஹல்லூமாவைத் தூக்கினேன், சிணுங்குகிறாள், வயிற்றோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, குழாயை மரமாக வைத்து அங்கிருந்து நடக்கிறேன், கால் கீழே எங்கே விழுகிறது என்று தெரியாத அந்த நடை, உடம்பு மறக்கவில்லை, ஒன்று, இரண்டு, நாற்பதாவது அடி என் கேனுக்குக் கொஞ்சம் அந்தப் பக்கம் விழுந்தது. குழந்தையை இறக்கிவிட்டேன். திரும்பக் குழாயிலிருந்து, இப்போது அர்பாப் நடை, ஒட்டகம் மாதிரி நீளக் கால், சந்தைக்குப் போனால் நான் பின்னாலேயே ஓடி, நில்லுங்க நில்லுங்க என்று கத்த வேண்டும், அந்த நடையைப் பாவாடை கிழிய எட்டி எட்டி வைத்து நடந்தேன், பத்தொன்பதிலேயே என் கேனைத் தாண்டிவிட்டேன், முப்பதில் வரிசை முடிந்தது, நாற்பதில் லாரித் தடத்தில் நிற்கிறேன், நட்டநடு வெட்டவெளி. "என்னடி கல்தூமா, வெயில் மண்டையில ஏறிருச்சா?" என்று மஸ்தூரா கத்துகிறாள்.

என் வேலியைத் தாண்டி என்ன இருந்தது? கிணற்றுத் தடம். மறைத்துவைத்த இடம் வேலிக்குள்ளே, அவர் எண்ணி நிற்கிற இடம் கிணற்றுத் தடத்தில், குதிரைகள் தண்ணீர் குடிக்க வருகிற தடத்தில். வேலி இருந்தால் இடிபட்டு நிற்பார், வேலிதான் எரிந்துபோயிற்றே. அங்கே தோண்டுவார், ஒன்றும் இருக்காது, பக்கத்தில் தோண்டுவார், நாற்பது என்றுதானே சொன்னாள் என்று திரும்ப மரத்துக்கு வந்து எண்ணுவார், சொன்ன சொல்லை அப்படியே செய்கிற மனிதர், பட்டப்பகலில் குனிந்து தோண்டிக்கொண்டே... கமீஸ் சொன்னான், ஒரு குதிரை இல்லை என்று. கமீஸ் என்னதான் சொல்லமாட்டான். இங்கிருந்து யாரை அனுப்புவது, என்ன சொல்லி அனுப்புவது, நாற்பது இல்லை இருபது என்றா, இருபதா பத்தொன்பதா, எனக்கே தெரியாது.

மறுபடி வரிசைக்கு வந்தேன். கண்ணை மூடினால் மணல்தான் வருகிறது, ஊர் எரிந்த பிறகு நடந்த மணல், மூன்று நாள், ஒரு நாள் வழியை மூன்று நாள் நடந்தோம், அவர் முன்னால், நான் பின்னால். தரையெல்லாம் நெருஞ்சி, என் காலில் செருப்பு இல்லை, அவர் சுவடு பதிந்த இடத்தில் முள் அமுங்கியிருக்கும் என்று அந்தச் சுவட்டிலேயே கால் வைத்து நடந்தேன், சுவடு, சுவடு, அடுத்த சுவடு... எட்டி வைத்த ஞாபகமே இல்லையே. ஒரு தடவைகூட இல்லை. என் கால் போய் விழுகிற இடத்தில் அவர் சுவடு இருந்தது. நிறைமாதக்காரி, நான் எப்படி அந்த ஒட்டகக் காலுக்கு ஈடு கொடுத்தேன்? அவரும் களைத்துவிட்டார் என்று அன்று நினைத்தேன். களைப்பா அது? மூன்று நாள், திரும்பிப் பார்க்காமல், ஒரு வார்த்தை சொல்லாமல், என் காலடி அளவுக்குத் தன் காலை வெட்டி வெட்டி வைத்திருக்கிறார், இந்த மனிதரைப் பார்த்துத் தாடியை விதைக்கச் சொன்னேன் நான்.

"உன் முறைடி" என்று மஸ்தூரா என் கேனைத் தொடாமல் காலால் காட்டுகிறாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு வேறு எதுவும் சொல்லவில்லை. கேன் நிரம்புகிறது. மணலுக்கு அந்தப் பக்கம் ஒன்றும் தெரியவில்லை, கானல்தான் ஆடுகிறது. அன்று அவருக்கு என் நடை தெரிந்திருந்தது, ஆனால் மூன்று வருஷம் ஆகிவிட்டதே, அந்த மரத்தில் முதுகைச் சாய்த்து ஒன்று என்று சொல்லும்போது யாருடைய கால் அவருக்கு ஞாபகம் வரும், அவருடையதா, என்னுடையதா? கேனைத் தலைக்கு ஏற்றிக்கொண்டு கூடாரத்தைப் பார்த்து நடக்கிறேன், ஹல்லூமா முந்தானையைப் பிடித்துக்கொண்டு வருகிறாள், இரண்டு, மூன்று, நான்கு... ஒவ்வொரு அடியையும் சின்னதாகவே வைக்கிறேன்.