குறை கேட்க வந்தவர்கள்

மாசி பிறந்தும் தனுஷாவின் வகுப்புக்கு இரசாயனவியல் படிப்பிக்க ஆள் வரவில்லை. படிப்பித்துக்கொண்டிருந்த பஸ்லான் சேர் மார்கழி விடுமுறையோடு கட்டாருக்குப் போய்விட்டார். அந்தப் பாட நேரத்தில் விளையாட்டு ஆசிரியர் வந்து கதிரையில் சாய்ந்து போனைத் தடவிக்கொண்டிருப்பார். பிள்ளைகள் சத்தம் போடாமல் இருந்தால் அவருக்குப் போதும். ஆய்வுகூடம் என்று ஆங்கிலத்தில் பலகை தொங்கிய அறையில் குழாய் இருந்தது, தண்ணீர் இல்லை. அடுத்த வருடம் வைகாசியில் லண்டன் ஓ.எல். சோதனை.

தனுஷா ஆஸ்பத்திரி லெப்பில் வேலை செய்ய ஆசைப்பட்டவள். தகப்பன் இராசதுரை டெங்குக் காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில், இரத்தம் சோதித்த துண்டுச்சீட்டை வாங்கப் போய், கண்ணாடிக்கு அப்பால் வெள்ளைக் கோட்டோடு நின்ற பெண்களைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அன்றைக்குப் பிடித்த ஆசை. கெமிஸ்ட்ரி இல்லாமல் அந்த வேலைக்குப் போக முடியாது என்று பஸ்லான் சேர் அவளுக்குச் சொல்லியிருந்தார்.

இராசதுரை உன்னிச்சையில் வயல் செய்பவர். ஐந்தாம் வகுப்போடு மண்வெட்டி பிடித்தவர். மனைவி கேதீஸ்வரி குவைத்தில் வீட்டு வேலை. அந்த வீட்டில் இங்கிலீஷ் தெரிந்த பிலிப்பைன்காரி பிள்ளை பார்த்தாள், தெரியாத கேதீஸ்வரி கக்கூஸ் கழுவினாள். மகள் இங்கிலீஷில்தான் படிக்க வேண்டும் என்று அவள் அங்கிருந்தே ஒற்றைக்காலில் நின்றாள். அதனால்தான் தனுஷா புளியந்தீவில் சித்தி வீட்டில் தங்கி, வாவிக்கரையில் இருந்த அந்த இன்டர்நேஷனல் பள்ளிக்கூடத்துக்குப் போய்வந்தாள்.

பள்ளிக்கூடத்தில் நல்லதே இல்லை என்று சொன்னால் அது பொய். அங்கே அடி கிடையாது. பெண்பிள்ளைகளின் கழிப்பறை சுத்தம். தமிழ்ப் பிள்ளையும் முஸ்லிம் பிள்ளையும் ஒரே வாங்கில் இருந்தார்கள். காத்தான்குடியில் புடவைக்கடை வைத்திருக்கும் மீராசாஹிபின் மகள் அகீலாதான் தனுஷாவின் உயிர்ச் சிநேகிதி. ஆள் கண்டால் ஒளிந்த தனுஷா இரண்டு வருடத்தில் வெளிநாட்டுக்காரரோடு நின்று கதைத்தாள். இவ்வளவும் உண்மை. கெமிஸ்ட்ரிக்கு ஆள் இல்லை என்பதும் உண்மை.

அந்த நேரத்தில்தான் கொழும்பிலிருந்து மதிப்பீட்டுக் குழு வரப்போகிறது என்று செய்தி வந்தது. பள்ளிக்கூடத்தில் எது நல்லது, எது திருந்த வேண்டும் என்று பார்த்து எழுதுவார்கள். அவர்கள் எழுதுவதைப் பொறுத்துத்தான் சான்றிதழ். திருந்த வேண்டியது என்று ஒன்றை எழுதிவிட்டால் முதலாளிமார் அதைச் செய்துகாட்டியே ஆக வேண்டும். பெற்றோரிலும் சிலரைக் கூப்பிட்டுக் கேட்பார்கள். கூப்பிட்டவர்களில் இராசதுரையும் மீராசாஹிபும் இருந்தார்கள்.

முதல்நாள் தனுஷா போனில் தகப்பனுக்குச் சொல்லிக்கொடுத்தாள். இரண்டே விஷயம்தான். டீச்சர் இல்லை, லெப்பில் தண்ணீர் இல்லை. பிள்ளைகள் சொல்ல முடியாது, அவர்கள் என்ன சொல்ல வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் ஏற்கெனவே பழக்கிவைத்திருக்கிறார்கள் என்றாள்.

"நீங்க வயல் வட்டைக்குள்ள நிண்டு கதைக்கிற மாதிரிக் கதைச்சாலே காணும் அப்பா."

அது சரிதான். இராசதுரை வாயடங்கிய மனிதரில்லை. கலப்பட உரம் விற்றவனைச் சந்தியில் வைத்து, அவன் மாமனாருக்கு முன்னாலேயே ஏசியவர்.

அந்த வாரம்தான் அவருடைய வயல் வெட்டியிருந்தது. நெல்மூட்டைகள் இன்னும் வட்டையிலேயே அடுக்கிக் கிடந்தன. காவலுக்கு ஆள் வைத்துவிட்டு, குளித்து, வெள்ளைச் சேட்டுப் போட்டு மோட்டார் சைக்கிளில் வந்தார். கல்லடிப் பாலத்தடித் தேநீர்க் கடையில் மீராசாஹிப் காத்திருந்தார். இரண்டு பேரும் பேசி முடிவெடுத்துக்கொண்டார்கள்.

"நீங்க முதல்ல தொடங்குங்க மச்சான்," என்றார் மீராசாஹிப். "நான் தொடங்கினா யாவாரி பேரம் பேசுறான் எண்டுவாங்க. வயக்காரன் சொன்னா நம்புவாங்க. நீங்க இழுங்க, நான் பின்னால நிண்டு தள்ளுறன்."

"தள்ளுறதெண்டா கடைசிமட்டும் தள்ளணும் காக்கா. பாதியில கடையத் திறக்க ஓடிரப்படாது."

"எனக்கும் பொம்புளப் புள்ளதானே அங்க படிக்கிது."

பிரின்சிபல் மெடத்தின் அறையில் ஏ.சி. குளிர் முழங்காலில் ஏறியது. குழுவில் பேசியவர் நரைத்த கொண்டை போட்ட சிங்கள அம்மா. பக்கத்தில் ஒரு இளைஞன் கணினியைத் திறந்து வைத்திருந்தான். மெடம் இருவரையும் இருத்திவிட்டு, அந்த அம்மாவுக்குத் தமிழ் தெரியாது, எங்கள் மாணவி ஒருத்தி மொழிபெயர்ப்பாள் என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

உள்ளே வந்தவள் தனுஷா. கழுத்துப்பட்டி இறுக்கி, தலைமயிரை வழித்துக் கட்டியிருந்தாள். காலையில்தான் அவளுக்கே சொல்லியிருந்தார்கள். தகப்பனைப் பார்த்து மெல்லச் சிரித்தாள்.

நல்லது என்ன என்று முதலில் கேட்டார்கள். இராசதுரை நிறையச் சொன்னார். அடி இல்லாததைச் சொன்னார், கழிப்பறையைச் சொன்னார், மகளின் இங்கிலீஷைச் சொன்னார். அவர் சொல்லச் சொல்ல மகள் மாற்றிச் சொன்னாள். தன் வாயிலிருந்து போகும் உன்னிச்சைப் பேச்சு மகளின் வாயில் இங்கிலீஷாகி, அந்த அம்மாவைத் தலையாட்ட வைப்பதை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். கேதீஸ்வரி இதைப் பார்க்க வேண்டும் என்று நினைத்தார். நெஞ்சு நிறைந்துபோனது.

அந்த அம்மா அடுத்த கேள்வியைக் கேட்டார். தனுஷா தகப்பனுக்கு நேராகத் திரும்பினாள்.

"அப்பா, இங்க என்ன குறை இரிக்கி, என்ன திருந்தணும் எண்டு கேக்கிறாங்க."

நெல் களத்தில் கிடக்கும்போது குறை என்ற சொல்லை வாயில் எடுக்கக்கூடாது. இல்லை என்று சொல்லக்கூடாது, முடிந்தது என்று சொல்லக்கூடாது. சொன்னால் விளைச்சல் போய்விடும். எவ்வளவு மோசமாக விளைந்திருந்தாலும், கேட்டவனுக்குப் பொலிஞ்சிருக்கு என்றுதான் சொல்ல வேண்டும். இராசதுரை பால்குடி மறந்த நாளிலிருந்து பழகியது அது. மாடு விட்டுச் சூடு மிதித்த காலம் போய் வெட்டுமெஷின் வந்த பிறகும், மூட்டை வட்டையைவிட்டு ஏறும்வரை உன்னிச்சையில் யாரும் அந்தச் சொற்களைச் சொல்வதில்லை. காரணம் கேட்டால் சிரிப்பார்கள், ஆனால் சொல்லமாட்டார்கள்.

அவருடைய மூட்டைகள் வட்டையில் கிடந்தன. விளைந்த பிள்ளை கண்முன்னால் நின்றது. அவள் வாயாலேயே குறை என்ன என்று கேட்கிறாள், அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். அவர் வாயைத் திறந்தார். யோசித்துச் சொல்லவில்லை. நாக்கு தானாகப் போனது.

"குறையெண்டு ஒண்டுமில்ல. எல்லாம் பொலிஞ்சிதான் இரிக்கி."

தனுஷா மொழிபெயர்க்கவில்லை. அந்த அம்மா அவளைப் பார்த்தார். "அப்பா?" என்றாள், தாழ்ந்த குரலில். அவர் மேசைவிரிப்பின் கரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பேச்சைத் திருப்பி எடுக்க அவருக்கு நேரம் இருந்தது. அவள் வேண்டுமென்றே நேரம் கொடுத்தாள். அவர் எடுக்கவில்லை. அவள் திரும்பி, அவர் சொன்னதை அப்படியே இங்கிலீஷில் சொன்னாள். இளைஞன் தட்டினான்.

பிறகு மீராசாஹிபைக் கேட்டார்கள். அவர் இராசதுரையை ஒருதரம் பார்த்தார். வெளியாருக்கு முன்னால், தமிழன் ஒன்று சொல்ல முஸ்லிம் எழும்பி இல்லை என்று மறுத்தால் அது வேறு கதையாகிவிடும். இந்த ஊரில் அந்தக் கணக்கை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. மீராசாஹிப் தாடியைத் தடவினார்.

"அவர் சொன்னதுதான்," என்றார்.

வெளியே வந்ததும் அவர் ஏசவில்லை. "தள்ளுறதுக்கு வண்டி வேணுமே மச்சான்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பின்னேரம் மகளைச் சித்தி வீட்டுக்கு ஏற்றிப்போகும் வழியில் இராசதுரை களத்துப் பழக்கத்தைச் சொல்லிப் பார்த்தார். அவளுக்கு அது தெரியும். அவளும் உன்னிச்சையில் பிறந்தவள்தான். பாலத்தில் காற்று அடித்தது. அவர் சத்தமாகக் கேட்டார்.

"நீ மாத்திச் சொல்லியிரிக்கலாமே மனே? அவங்களுக்கு விளங்கவா போகுது?"

"நீங்க மாத்திச் சொல்லியிரிக்கலாமே அப்பா," என்றாள் அவள்.

சித்திரை விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் தொடங்கியபோது வாசலில் சான்றிதழ் பதாகை கட்டியிருந்தார்கள். திருந்த வேண்டியவை என்று குழு எழுதியிருந்தது வாகனம் நிறுத்தும் இடத்தையும் கன்டீனில் விற்ற இனிப்புப் பானத்தையும். பெற்றோருக்கு முழுத் திருப்தி என்றும் எழுதியிருந்தது. இராசதுரை அன்றைக்கே பிரின்சிபல் மெடத்திடம் போனார். நெல் விற்று முடிந்திருந்தது. வாயைக் கட்ட ஒன்றும் இல்லை. நின்றபடியே கொட்டினார்: டீச்சர் இல்லை, தண்ணீர் இல்லை, விளையாட்டு மாஸ்டர் போனைப் பார்க்கிறார், இதற்குப் பெயர் படிப்பா என்று கேட்டார்.

மெடம் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு கதவைச் சாத்தினார்.

"இத நீங்க அண்டைக்குச் சொல்லுவீங்க எண்டுதானே ஐயா உங்கட பேரக் குடுத்தன். நான் டிரெக்டர்மாருக்கு எத்தின தரம் சொல்லிட்டன். பாப்பம் பாப்பம் எண்டுறாங்க. அவங்களிட்டச் சம்பளம் வாங்கிற நான் குழுவுக்கு முன்னால சொல்ல ஏலுமா? அந்த அம்மா எழுதியிருந்தா அவங்களால தட்ட ஏலாது."

இராசதுரை கதிரையில் உட்கார்ந்தார்.

"மகளையும் நான்தான் போட்டன்," என்றார் மெடம். "வேற ஆள் எண்டா நீங்க சொல்லுறத மழுப்பிப் போடும். உங்கட மகள் ஒரு சொல்லும் குறைக்காது."

"இப்ப எழுதுங்க மெடம். நான் கையெழுத்து வைக்கிறன்."

"இப்ப கேக்க ஆக்கள் இல்ல ஐயா. இனி அவங்க வர அஞ்சி வருசம்."

மெடத்தின் மேல் கோபப்பட ஒரு காரணம் தேடினார், கிடைக்கவில்லை. கும்பிட்டுவிட்டு எழுந்தார்.

தனுஷா வாசலில் மோட்டார் சைக்கிளடியில் நின்றாள். என்ன நடந்தது என்று கேட்கவில்லை. அகீலாவைக் கொழும்பில் மாமி வீட்டில் விட்டுப் படிப்பிக்கப் போகிறார்கள் என்று சொன்னாள். இராசதுரைக்குக் கொழும்பில் யாரும் இல்லை. தான் கெமிஸ்ட்ரியை விட்டுவிட்டு எக்கவுண்டிங்குக்குப் பெயர் கொடுத்துவிட்டதாகவும், அதற்கு நல்ல டீச்சர் இருக்கிறார் என்றும் சொன்னாள். அழுகை இல்லை. புத்தகக் கடையில் ஒரு தரம் நிறுத்தச் சொன்னாள்.

கடைக்கு வெளியே ஹெல்மெட்டைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, இன்றைக்கு வெள்ளிக்கிழமை, கேதீஸ்வரி போன் எடுக்கிற நாள் என்பது அவருக்கு நினைவு வந்தது. மகள் புத்தகத்தோடு வெளியே வந்தாள்.

"அம்மாக்கு என்னண்டு சொல்லுற?" என்று கேட்டார்.

அவள் பின்னால் ஏறி, புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டாள்.

"நான் சொல்லிக்கொள்ளுறன் அப்பா. நீங்க கதைக்க வேணாம்."