நான்கு மூலையிலும் மஞ்சள்

என் தந்தையார் மயில்சாமி தம் கைக்கு வந்த எந்தச் சான்றிதழையும் லேமினேட் செய்யாமல் விட்டதில்லை. அவருடைய பட்டச் சான்றிதழ், என் தடுப்பூசி அட்டை, நான் ஏழு வயதில் நீச்சல் பழகியதற்கு அளிக்கப்பட்ட தாள் ஆகிய யாவும் பிஸ்கட்டவே என்னும் அமெரிக்க ஊரிலுள்ள எங்கள் இல்லத்தில் பிளாஸ்டிக் உறைக்குள் என்றும் அழியாதனவாய் விளங்குகின்றன. அதற்கென ஓர் இயந்திரமே வாங்கி வைத்திருக்கிறார்.

அவருடைய கிரீன் கார்டு காலாவதியாவதற்கு முன்பே புதுப்பிக்க விண்ணப்பித்தார். ஓராண்டு கடந்தும் புதிய அட்டை வரவில்லை. விண்ணப்பித்த சில வாரங்களில் ஒரு கடிதம் மட்டும் வந்தது. பழைய அட்டையோடு இக்கடிதத்தையும் காட்டினால் மேலும் மூன்றாண்டுகள் செல்லும் என்பது அதன் சாரம். அது வந்த வாரம் ஆயுத பூசை. என் தாயார் கலாவதி, மடிக்கணினிக்கும் கார்ச் சாவிக்கும் பக்கத்தில் அக்கடிதத்தையும் வைத்து, கல்யாணப் பத்திரிகைக்குச் செய்வதுபோல் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, உச்சியில் ஒரு குங்குமப் பொட்டும் இட்டார். மறுநாள் தந்தையார் அதை எடுத்து லேமினேட் செய்தார்.

இவ்வாண்டு மார்ச் வரை அதனால் எவருக்கும் தீங்கில்லை. மார்ச்சில் பொள்ளாச்சியிலுள்ள என் அத்தை சாந்தாமணிக்குப் பித்தப்பையில் அறுவை செய்தே ஆகவேண்டும் என்று மருத்துவர் கூறினார். அத்தையோ, தம்பி வந்து பக்கத்தில் நின்றால்தான் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடுவேன் என்று கூறிவிட்டார். ஒரு வாரத்துக்கு மேல் தள்ளுவது ஆபத்து. தந்தையார் வெள்ளிக்கிழமைக்குப் பயணச்சீட்டு எடுத்தார். விமான நிறுவனம் திரும்பி வருவதற்கான ஆவணங்களின் படங்களைக் கேட்டது, அனுப்பினோம். ஞாயிறு காலை பதில் வந்தது: கடிதத்தில் மாற்றம் செய்யப்பட்டிருப்பதால் ஏற்க இயலாது.

"ஏன் கலா, கவர்மென்ட் லெட்டருக்கு எவளாச்சும் மஞ்சப் பூசுவாளா?"

"ஏனுங்க, நான் வெச்சது வெறும் பொட்டு. தொடச்சாப் போயிருக்கும். அதைப் பிளாஸ்டிக்குக்குள்ள வெச்சு உருக்கி ஒட்டுனது ஆரு?"

"பொட்டு நம்பர் மேல பரவிருமேன்னுதான ஒட்டுனேன்!"

"அப்பப் பொட்டு இருக்குதுன்னு தெரிஞ்சேதான் ஒட்டியிருக்கறீங்க."

தந்தையார் கத்தரிக்கோலால் உறையின் ஓரத்தை வெட்டிப் பார்த்தார். கடிதத்தின் ஒரு மூலையும் உடன் வந்தது.

அட்டைக்கு ஈடாகப் பாஸ்போர்ட்டில் தற்காலிக முத்திரை பெறுவதொன்றே வழி. அதற்குக் குடிவரவுத் துறையைத் தொலைபேசியில் அழைத்து நாள் வாங்கவேண்டும். திங்களன்று அழைத்தோம். எடுத்தது இயந்திரம். எதற்காக அழைக்கிறீர்கள், சுருக்கமாகச் சொல்லுங்கள் என்றது.

"மை சிஸ்டர், கால் பிளாடர், எமர்ஜென்சி!"

முகவரியை மாற்ற விரும்புகிறீர்கள், சரிதானே, என்று அது வினவியது.

"அப்பா, கத்தாதீங்க. அது மெஷின். ரெப்ரசென்டேட்டிவ்னு மட்டும் சொல்லுங்க."

"ரெப்ரசென்டேட்டிவ்! ரெப்ரசென்டேட்டிவ்! ஏங்கண்ணு, இதுக்குக் காது இருக்குதா இல்லியா?"

நான்காம் முறை ஒரு மனிதர் கிடைத்தார். அதிகாரி ஒருவர் திரும்ப அழைப்பார் என்றார்; எப்போது என்று கூறமாட்டார். அதிகாரி செவ்வாயன்று அழைக்கவும் செய்தார். ஆனால் கார் வாரண்டி விற்பவர்களின் தொல்லை பொறாமல், அறியாத எண்கள் யாவும் ஒலிக்காதபடி தந்தையார் தம் கைப்பேசியை அமைத்திருந்தார். அன்று மாலை மீண்டும் இயந்திரம், மீண்டும் முகவரி மாற்றம். புதன்கிழமை நான் விடுப்பெடுத்து, அவர் கைப்பேசியை மடியிலேயே வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தேன். நண்பகலில் அழைப்பு வந்தது. வியாழன் காலை எட்டு மணிக்கு வரச் சொன்னார்கள்.

அலுவலகத்தில் பாதுகாப்புச் சோதனைக்காக இடுப்புவாரையும் காலணியையும் கழற்றி மாட்டி, தாயாரோடு மூவரும் ஒன்றரை மணி நேரம் காத்திருந்தோம். சாளரத்துக்கு அப்பால் இருந்த இளம் அதிகாரி, மூலையிழந்த கடிதத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். மஞ்சளாய் இருப்பது என்னவென்று கேட்டார்.

"டர்மரிக், மேடம். ஆஸ்பிஷியஸ்."

சிவப்பு?

"ஆல்சோ ஆஸ்பிஷியஸ்."

ஏன் பிளாஸ்டிக்கில் அடைத்தீர்கள்?

"டு ப்ரொடெக்ட், மேடம்."

எதிலிருந்து என்று அவர் கேட்டார். தந்தையார் தாயாரைத் திரும்பிப் பார்த்தார்.

அதிகாரி கடிதத்தோடு உள்ளே சென்றார். நாற்பது நிமிடங்கள் வரவில்லை. சாளரத்தின் திரை இறங்கியது. இடைவேளை என்று எழுதியிருந்தது. அதன்பின் வேறோர் அதிகாரி வந்து, கைரேகை வாங்கி, எல்லாவற்றையும் முதலிலிருந்து கேட்டார். பதினொரு மணியளவில் பாஸ்போர்ட்டில் முத்திரை விழுந்தது. ஓராண்டு செல்லும் என்றார். தந்தையார் மை காயும் வரை பாஸ்போர்ட்டை மூடாமல் இரு கைகளாலும் ஏந்திக்கொண்டே வெளியே வந்தார். மின்தூக்கியின் அருகிலேயே அத்தையை ஸ்பீக்கரில் அழைத்தார்.

"அக்கா, ஸ்டாம்ப் போட்டாச்சு! நாளைக்கு ஃப்ளைட் ஏறிருவேன். நீ பயப்படாத, நான் வந்து நிக்கறேன், அப்பறம் கையெழுத்துப் போடு."

"மயிலு, எனக்கு நேத்தே ஆபரேசன் முடிஞ்சுது சாமி."

தந்தையார் பாஸ்போர்ட்டை மூடினார்.

"நான் வந்தாத்தான்னு சொன்னயே?"

"சொன்னேன். நீ பகலெல்லாம் மிசினுகூடச் சண்டை போடறயின்னு கலா சொன்னா. அந்த ஊர்க்காரன் உனக்குச் சீல் குத்தறதுக்குள்ள எனக்கு உள்ள வெடிச்சுப் போயிருமின்னு டாக்டரு சொன்னாரு. நானே போட்டுட்டேன்."

"அதை எங்கிட்டச் சொல்ல வேண்டாமாக்கா? நான் இங்க நாயாட்ட அலையறேன்!"

"சொன்னா நீ வரமாட்டயில்ல? உன்னப் பாத்து ஏழு வருசமாச்சு."

தந்தையார் தாயாரை நோக்கினார். தாயார் மின்தூக்கியின் பொத்தானை மீண்டும் மீண்டும் அழுத்திக்கொண்டிருந்தார்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"நேத்துக் காலைல."

"நேத்துக் காலைல தெரிஞ்சும் என்னை இங்க ஒண்ணரை மணி நேரம் உக்கார வெச்சியா?"

"நீங்க மட்டுமா உக்காந்தீங்க? நானுந்தான் உக்காந்தேன்."

கைப்பேசிக்குள் அத்தை இன்னும் பேசிக்கொண்டிருந்தார்; சிரித்தால் தையல் வலிக்கிறது என்றும், இங்கே ஆஸ்பத்திரிக் கஞ்சி வாயில் வைக்க விளங்கவில்லை என்றும், டிக்கெட்டை மட்டும் கேன்சல் பண்ணிவிடாதே என்றும்.

"வர்றேன், வர்றேன்," என்றார் தந்தையார். "பதினஞ்சு நாளும் உங்கூடச் சண்டை போடறதுக்கே வர்றேன்."

பின்னர் மின்தூக்கிக்குக் காத்திராமல், பாஸ்போர்ட்டைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு படிகளில் இறங்கிச் சென்றார்.