டப்ளினில் இன்னும் செவ்வாய்க்கிழமை

பீற்றர் ஒக்சிசன் இயந்திரத்தின் சுவிட்சை அணைத்தார். ஏழு வாரமாக அந்த வீட்டில் ஓயாமல் உறுமிக்கொண்டிருந்த சத்தம் நின்றது. கூரையில் மழை பெய்துகொண்டிருப்பது அப்போதுதான் காதில் விழுந்தது. முப்பது வருடம் மின்வேலை பார்த்த கை. அணைத்த பிறகும் சுவிட்சின் மேல் வைத்த விரலை எடுக்கத் தோன்றாமல் நின்றார்.

கட்டிலில் ரேச்சல் கிடந்தாள். ஒரே பிள்ளை. இருபத்தேழு வயது. காலை ஒன்பது மணி பத்து நிமிடத்துக்கு ஒரு மூச்சை உள்ளே இழுத்தாள், வெளியே விட்டாள். அடுத்ததற்காக அவரும் மனைவி விக்ரோறியாவும் வெகுநேரம் காத்திருந்தார்கள்.

கடைசிக்காலப் பராமரிப்புக்காக ஹொஸ்பிஸிலிருந்து வந்திருந்த தாதி பிரசாந்தி, மதுரைப் பெண், அவருடைய தோளைத் தொட்டாள்.

"அங்கிள், நானும் ஆன்ட்டியும் துடைச்சு டிரஸ் மாத்திடுறோம். நீங்க கொஞ்ச நேரம் வெளிய இருங்க. டாக்டர்கிட்ட பேசிட்டேன். பதினொன்றரைக்கு வண்டி வரும்."

அவர் தலையாட்டிவிட்டுச் சமையலறைக்குப் போனார். மேசையில் நேற்று ரேச்சல் மூடி வைத்த மடிக்கணினி கிடந்தது. அதைப் பார்க்காமல் கேத்திலில் தண்ணீர் பிடித்தார். தண்ணீர் கொதித்து, தானாகவே நின்று, ஆறியது. தேநீர் போடவில்லை. பிறகு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தார்.

அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தார்.

சனிக்கிழமை காலைகளில் அயர்லாந்திலிருந்து ஒரு மின்மடல் வரும். வளரும் எழுத்தாளர்களுக்கானது, 'இமேர்ஜிங் ரைற்றேர்ஸ்' என்று தலைப்பில் இருக்கும். எங்கே என்ன போட்டி, எந்த இதழ் கதை கேட்கிறது, கடைசித் தேதி எது, எந்த ஊர் நூலகத்தில் கூட்டம், எல்லாம் அதில் இருக்கும். கடைசியில் அவர்களுக்குள்ளான செய்திகள். யாருடைய கவிதை வந்தது, யாருக்குக் குழந்தை பிறந்தது, யார் செத்தார். ரேச்சல் பாணுக்கு ஜாம் பூசியபடியே அதை முதல் வரியிலிருந்து சத்தமாக வாசிப்பாள். தான் பிறந்த கோர்க் நகரத்து ஆட்களைப் போல வசனத்தின் வாலைத் தூக்கி வாசிப்பாள். ஒக்லண்டுக்கு வந்து பதினான்கு வருடமாகியும் அந்த இழுவை அவளை விட்டுப் போகவில்லை.

"இமேர்ஜிங் எண்டா என்ன பிள்ளை?" என்று ஒருநாள் கேட்டார்.

"தண்ணிக்குள்ள இருந்து தலை மட்டும் தெரியிற மாதிரி அப்பா. நொட் அவுட் யெற்."

"எவ்வளவு காலத்துக்கு அப்பிடி?"

"ஒரு புக் வரும் வரைக்கும். சம் பீப்பிள், சாகும் வரைக்கும்." சொல்லிவிட்டு அவளே விழுந்து விழுந்து சிரித்தாள். அப்போது அவள் உடம்பில் வருத்தம் இருப்பது யாருக்கும் தெரியாது.

அயர்லாந்தில் கட்டட வேலை படுத்துப்போன வருடம் பீற்றர்தான் இங்கே வருவதென்று முடிவெடுத்தார். ரேச்சலுக்குப் பதின்மூன்று வயது. அவளிடம் யாரும் கேட்கவில்லை. வந்து ஒரு வருடம் அவள் அவரோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. தண்ணீர் வேண்டுமென்றாலும் தாயிடம்தான் கேட்பாள். பிறகு அது எப்படியோ கரைந்து போனது. அதைப் பற்றி இரண்டு பேரும் ஒருநாளும் எடுத்துப் பேசியதில்லை.

அந்த மின்மடலில்தான் இந்தப் போட்டியைக் கண்டாள். அயர்லாந்தில் பிறந்தவர்களுக்கானது. உலகத்தில் எங்கே இருந்தாலும் அனுப்பலாம். செவ்வாய்க்கிழமை நள்ளிரவுக்குள், டப்ளின் நேரப்படி.

"இஞ்ச புதன் காலமை பதினொரு மணி," என்று நேற்று மத்தியானம் சொன்னாள். ஒவ்வொரு சொல்லுக்கும் இடையில் மூச்சுக்குக் காத்திருந்தாள். "கதை ரெடி. போர்மும் நிரப்பியாச்சு. பயோ மட்டும்தான். நாளைக்கு நான் சொல்லச் சொல்ல டைப் பண்ணுங்கோ. ஓகே?"

"ஓம் பிள்ளை."

"நான் நித்திரையா இருந்தாலும் எழுப்புங்கோ. ப்ரொமிஸ்?"

"ஓம் எண்டு சொன்னனானெல்லே."

இப்போது மணி பத்தேகால். திரையில் அந்தப் படிவம் அவள் விட்ட இடத்திலேயே நின்றது. முதற்பெயர், ரேச்சல். குடும்பப்பெயர் என்ற இடத்தில் அவருடைய பெயர். பிறந்த ஊர், கோர்க். எழுத்தாளர் குறிப்பு, ஐம்பது சொற்களுக்கு மேற்படாமல். அந்தக் கட்டம் வெறுமையாகக் கிடந்தது.

அதற்குக் கீழே கதையின் கோப்பு. அவர் அதைத் திறக்க நினைக்கவில்லை. விரல் பட்டுத் திறந்துகொண்டது. முதல் வரி ஆங்கிலத்தில் எளிமையாகத்தான் இருந்தது. 'என்னுடைய அப்பா எங்கள் வீட்டை ஒன்பது நாளில் கழற்றினார்.'

பீற்றர் கோப்பை மூடினார். மேசை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"என்ன செய்யிறியள்?"

விக்ரோறியா வாசலில் நின்றாள். கையில் ஈரத் துவாய். கண் வீங்கியிருந்தது. குரல் மட்டும் காய்ந்திருந்தது.

"இந்தப் போட்டி... பதினொரு மணிக்கு முடியுது."

"பிள்ளை உள்ளுக்குக் கிடக்குது. நீங்கள் கொம்பியூட்டரைத் திறந்து வச்சுக்கொண்டு இருக்கிறியள்."

"அவளுக்குச் சொன்னனான், விக்கி."

"ஆருக்கு அனுப்பப் போறியள்? ஆர் வாசிக்கிறதுக்கு? பரிசு குடுத்தா ஆர் போய் வாங்கிறது?" துவாயை மேசையில் எறிந்தாள். "உங்கட தமக்கை அன்னமக்காவுக்கு ரெலிபோன் எடுத்துச் சொன்னனீங்களே? அதைச் செய்யேல்ல. இதைச் செய்யிறார்."

"மன்னாரில இன்னும் நாலு மணி ஆகேல்ல. நித்திரை கொள்ளட்டும். எழும்பினா அதுக்குப் பிறகு அவவுக்கு நித்திரை இல்லை."

உள்ளே பிரசாந்தி அலுமாரியைத் திறந்து மூடும் சத்தம் கேட்டது. பீற்றர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். துடைத்துக்கொண்டே சொன்னார்:

"டப்ளினில இன்னும் செவ்வாய்க்கிழமைதான், விக்கி. புதன் அங்க இன்னும் வரேல்ல."

விக்ரோறியா துவாயை எடுத்து மடித்து மடியில் வைத்துக்கொண்டு அவருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"என்ன எழுத வேணும்?"

"அவள் ஆர் எண்டு எழுத வேணும். ஐம்பது சொல்லுக்குள்ள."

அவர் இரண்டு விரலால் தட்டினார். 'ரேச்சல் பீற்றர் வொஸ்' என்று ஆங்கிலத்தில் எழுதினார். அழித்தார். 'இஸ்' என்று எழுதினார். அதற்கு மேல் விரல் நகரவில்லை.

"கோர்க்கில பிறந்தவள் எண்டு போடுங்கோ," என்றாள் விக்ரோறியா. "அதைத்தான் அவள் ஆரைக் கண்டாலும் முதல் சொல்லுறவள்."

போட்டார்.

"ஒக்லண்டில இருக்கிறாள்."

அவர் திரும்பி அவளைப் பார்த்தார்.

"இருக்கிறாள் எண்டே போடுங்கோ. உள்ளுக்குத்தானே இருக்கிறாள்."

போட்டார். நூலகத்தில் வேலை என்பதைப் போட்டார். கதைகள் எழுதுகிறாள் என்பதைப் போட்டார். ஓர் இதழில் ஒரு கதை வந்தது. அந்த இதழின் பெயர் இரண்டு பேருக்கும் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. "ஒரு இதழில எண்டு போடுங்கோ," என்றாள்.

"இன்னும் என்ன?"

"மழை பிடிக்கும். தலை துடைக்கமாட்டாள்." அத்துடன் விக்ரோறியாவின் குரல் உடைந்தது. துவாயால் வாயைப் பொத்திக்கொண்டாள். பீற்றர் அதை எழுதவில்லை. எழுதத் தேவையான ஆங்கிலம் தெரிந்துதான் இருந்தது. எழுதவில்லை.

கட்டத்துக்குக் கீழே கணினி தானாக எண்ணிக் காட்டியது. இன்னும் இருபத்தாறு சொற்கள் மிச்சம்.

"கிடக்குது இன்னும்," என்றார்.

"கிடக்கட்டும்."

கடைசியில் ஒரு சிறு கட்டம். இந்த ஆக்கத்தை எழுதியவர் நானே என்று உறுதி கூறுகிறேன். அதில் குறி போட வேண்டும். போடாமல் அனுப்ப முடியாது. பீற்றரின் விரல் அதன் மேல் நின்றுவிட்டது. அவர் கோவிலில் பொய்ச்சத்தியம் செய்யாத மனிதர்.

"நானே எண்டு கிடக்குது," என்றார்.

"அவள்தானே எழுதினவள்."

"ஓம்."

"பிறகென்ன. விரல் மட்டும்தானே உங்கட."

குறி போட்டார். கதையின் கோப்பை இணைத்தார். மணி பத்து நாற்பத்தெட்டு.

"வாசிச்சனீங்களே?" என்று விக்ரோறியா கேட்டாள்.

"ஒரு வரி."

"என்னவாம்?"

அவர் மழையைப் பார்த்தார். "நாங்கள் கோர்க்கை விட்டு வந்ததைப் பற்றித்தான் போல." சற்றுப் பொறுத்து, "நான் வீட்டைக் கழற்றினதைப் பற்றி," என்றார்.

அவள் தடுப்பாள் என்று ஒரு கணம் நினைத்தார். தடுக்க வேண்டும் என்றுகூட நினைத்திருப்பார். அவள் கையை எடுத்து அவருடைய முதுகில் வைத்தாள். அந்தக் கையின் பாரம் முதுகில் இருக்கும்போதே அவர் பொத்தானை அழுத்தினார்.

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, பதில் வந்தது. அன்புள்ள ரேச்சல், உங்கள் கதை கிடைத்தது. முடிவு செப்ரெம்பரில். தொடர்ந்து எழுதுங்கள்.

"என்னவாம்?"

"கிடைச்சிட்டுதாம்."

பிரசாந்தி வந்து கூப்பிட்டாள். ரேச்சலுக்கு அவளுடைய பச்சைக் கம்பளிச் சட்டையைப் போட்டிருந்தார்கள். மருந்தில் உதிர்ந்து பிறகு முளைத்த மயிர், குருவிக்குஞ்சின் இறகு போல. விக்ரோறியா சீப்பைக் கையில் எடுத்துவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றாள். பிறகு கையால் தடவிவிட்டாள். இரண்டு பேருமாகச் செபமாலையைத் தொடங்கினார்கள். மூன்றாவது மணியிலேயே பீற்றருக்குச் செபம் மறந்துபோனது. விக்ரோறியா அவருக்கும் சேர்த்துச் சொன்னாள்.

சொன்ன நேரத்துக்கு வண்டி வந்துவிட்டது. கறுப்புக் கோட்டுப் போட்ட ஒருவர் கதவைத் தட்டி, தாழ்ந்த குரலில் தன் அனுதாபத்தைச் சொன்னார். பிறகு தயங்கி, வாசலில் நிற்கும் வேனைக் கொஞ்சம் எடுத்துவிட முடியுமா, எங்கள் வண்டி உள்ளே வர இடம் வேண்டும் என்று கேட்டார்.

பீற்றர் வேன் திறப்பை எடுத்துக்கொண்டு குடையில்லாமல் போனார். வேலைக்குக் கொண்டுபோகும் வேன். பின்னால் வயர்ச் சுருள்கள், ஏணி. இயந்திரத்தை முடுக்கி, வைப்பரைப் போட்டு, கண்ணாடியில் பார்த்து மெல்லப் பின்னால் எடுத்தார். தெருவின் எதிர்ப்பக்கத்தில் ஓரமாக நிறுத்தினார். கறுப்பு வண்டி அவரைக் கடந்து, இண்டிகேற்றர் போட்டு, அவருடைய வீட்டு வாசலுக்குள் திரும்பியது.

இயந்திரத்தை நிறுத்தினார். வைப்பர் கண்ணாடியின் நடுவில் அப்படியே நின்றுவிட்டது. அதன் இரண்டு பக்கமும் மழை நிறைந்து, வீடு தெரியாமல் போகும் வரைக்கும் அவர் கதவைத் திறக்கவில்லை.