தாய்மாமன் மடி

என் தங்கை பூங்குழலியின் மகளுக்குச் சேவூர்க் கோயிலில் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்துவார்கள். தாய்மாமன் நான்தான். பனியன் கம்பெனியில் போனஸ் கொடுத்ததுமே தங்கத்தில் தோடு வாங்கி வைத்துவிட்டேன்.

திருப்பூரிலிருந்து முதல் பஸ்ஸில் போய் இறங்கினால், மணையில் எங்கள் பெரியப்பா மகன் உட்கார்ந்திருக்கிறான். பூங்குழலி தோட்டை வாங்கிக்கொண்டு என்னை ஓரமாக அழைத்துப்போனாள்.

"மாமியா ஊட்ல எல்லாத்துக்கும் தெரிஞ்சுபோச்சுங்கண்ணா. கோவிச்சுக்காதீங்க. தள்ளி நின்னு பாருங்க."

எனக்கு எச்.ஐ.வி. என்று தெரிந்த அன்று ஆஸ்பத்திரிக்குக் கூட வந்தவள் இவள். தொட்டால் பரவாது, ஒரே தட்டில்கூடச் சாப்பிடலாம் என்று டாக்டர் சொன்னதை என்னைவிடக் கவனமாகக் கேட்டவளும் இவள்தான்.

"உனக்குக்கூடவா தெரியாது, கண்ணு?" என்றேன். அவள் தோட்டை ஆசாரியிடம் கொடுக்கப் போய்விட்டாள்.

ஆசாரி குத்தித் தோட்டை மாட்டியதும் குழந்தை வீறிட்டது. "மாமா!" என்று கூட்டத்தைத் தாண்டி என்னிடம் கையை நீட்டியது. நான் இரண்டடி வைப்பதற்குள் பூங்குழலி ஓடிவந்து அதை வாரி எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

காதில் தோடு மின்னியது. அதைக் கழற்றும்படி ஒருத்தரும் சொல்லவில்லை.