வேனுக்கு அடியில் ஒரு சொட்டு

புனிதனின் மோட்டார் சைக்கிள், தேயிலைத் தொழிற்சாலை வளைவில் வழுக்கி விழுந்தது. ஆளுக்குப் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. முழங்கை தேய்ந்தது, கால்சட்டை கிழிந்தது. ஆனால் அவன் விழுந்த இடத்தில், மழை ஈரம் காயாத தாரின்மேல் ஏழு நிறத்தில் எண்ணெய் மின்னிக்கொண்டிருந்தது. அது யார் வண்டியின் எண்ணெய் என்று எஸ்டேட்டில் ஒருவரும் கேட்கவில்லை. கேட்காமலேயே எல்லோருடைய கண்ணும் செரீனாவின் வேன் பக்கம் போனது.

மேல் டிவிஷன் லயத்து வீட்டுப் பிள்ளைகளைத் தானா ராத்தா டவுன் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டு, மதியம் கூட்டிவருகிற வேன் அது. செரீனாவின் கணவன் எல்வின் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனபோது, வேனை விற்றுவிடலாம் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். அவள் விற்கவில்லை. லைசென்ஸ் எடுத்து, தானே ஓட்ட ஆரம்பித்தாள். அதனால்தான் வேனுக்கு அடியில் விழுந்த ஒவ்வொரு சொட்டும் அவள் நெஞ்சில் விழுந்த மாதிரி இருந்தது.

அன்று மாலையே எஸ்டேட் மேனேஜர் துரை குகனேஸ்வரன் ஆபீஸ் வாசலில் அவளை நிறுத்திச் சொல்லிவிட்டார்.

"இங்க பாரும்மா. இன்னிக்கு முழங்கையோட போச்சு. நாளைக்கு யாராச்சும் பள்ளத்துல உருண்டா நான்தான் பதில் சொல்லணும். திங்கக்கிழமை காலையில நானே கேட்ல நிக்கறேன். ஒழுகலன்னா போ. ஒழுகிச்சுன்னா வேன் கேட்டுக்கு வெளியதான். பிள்ளைங்க மெயின் ரோட்டுக்கு நடந்து வரட்டும்."

"சரிங்க துரை" என்றாள் செரீனா. மெயின் ரோடு வரைக்கும் நடப்பது என்றால் பனிமூட்டத்தில், தேயிலைக்கு நடுவே, செங்குத்தான இறக்கம். பெரிய பிள்ளைகள் நடப்பார்கள். சின்னதுகள் ஒரு வாரம் நடக்கும், அப்புறம் வீட்டில் இருந்துவிடும்.

தேயிலைக் கொழுந்து ஏற்றும் லோரியை ஓட்டும் யோகேந்திரன் இதையெல்லாம் கேட்டுக்கொண்டே டயரில் சாய்ந்து நின்றிருந்தான்.

"என்னா செரீனா, மார்கழி போயி எத்தன நாளாச்சு, ஒன் வேன் மட்டும் இன்னும் வாசவாசலா கோலம் போட்டுக்கிட்டுப் போவுது?"

"சிரி, சிரி. ஒன் லோரி ஒழுகறப்ப நானும் வந்து சிரிக்கறேன்."

"என் லோரியா? அது எங்க லா ஒழுகும்? பொம்பள கையில குடுத்தாதான் ஒழுகும்."

அவளுக்கு வாய்க்குள் நல்ல பதில் ஒன்று வந்தது. ஆனால் கீழே பார்த்தாள். வேனுக்கு அடியில் புதுச்சொட்டு ஒன்று விழுந்திருந்தது. பேசாமல் ஏறிப் போய்விட்டாள்.

சனிக்கிழமை தானா ராத்தாவில் பட்டறை முதலாளி தவுக்கேயிடம் கொண்டுபோனாள். சீனர், நல்ல மனிதர். அடியில் படுத்துப் பார்த்துவிட்டு உச்சுக்கொட்டினார். என்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடம் முழுக்க நனைந்திருந்தது. எண்ணெயைத் தடுக்கும் பின்பக்கத்து சீல் போயிருக்கும், கியர்பாக்ஸை இறக்கினால்தான் தெரியும், சாமான் ஈப்போவிலிருந்து வர அடுத்த வாரம் ஆகும் என்று மலாயில் சொன்னார்.

"எண்ணெய் அளவு பார்க்கிறாயா?" என்றும் கேட்டார்.

"தினமும் காலையில் பார்க்கிறேன். குறைந்தால் உடனே ஊற்றிவிடுகிறேன்" என்றாள் செரீனா, கொஞ்சம் பெருமையாகவே. தவுக்கே தலையாட்டினார். அவ்வளவு கவனமாக இருப்பவள் சொல்கிறாளே என்று அவர் எண்ணெய் அளவுக் கம்பியை இழுத்துப் பார்க்கவில்லை.

அடுத்த வாரம் என்பது திங்கட்கிழமைக்குப் பிறகு வருவது. ஞாயிறு மாதாகோயில் பூசை முடிந்து வந்ததும், நல்ல சேலையை மாற்றிவிட்டு எல்வினின் பழைய சட்டையை மாட்டிக்கொண்டு செரீனா வேனுக்கடியில் நுழைந்தாள். பக்கத்து வீட்டுத் தனுஜா இடுப்பில் கைவைத்து வந்து நின்றாள். அவள் கொழுந்து பறிப்பவள்; அவளுடைய சின்ன மகள் இந்த ஆண்டுதான் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருந்தாள்.

"என்னாடி பண்ணப் போற?"

"எங்கேருந்து ஒழுகுதுன்னு கண்ணால பாக்கணும். எல்லா இடமும் எண்ணெய்யா இருந்தா எது மொதல்ல ஒழுகுச்சுன்னு எப்படித் தெரியும்? மொதல்ல கழுவணும்."

இரண்டு பேரும் மண்ணெண்ணெயும் பிரஷ்ஷும் சவர்க்காரமும் போட்டு, ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் இருக்கும் என்ஜினைத் தேய்த்துக் குளிப்பாட்டினார்கள். பழைய கைலியால் துடைத்துக் காயவிட்டார்கள். பிறகு செரீனா முகப்பவுடர் டின்னை எடுத்து வந்து என்ஜின்மேல் கொட்டினாள். வெள்ளைப் பவுடரில் எண்ணெய் ஓடினால் கோடு தெரியும் என்பது அவள் கணக்கு. பாதி என்ஜின் வெளுப்பதற்குள் டின் காலி.

தனுஜா வீட்டுக்குள் ஓடிப் போய் ஒரு பொட்டலத்துடன் வந்தாள்.

"இந்தா, துண்ணூறு."

"ஏய், சாமி துண்ணூறடி!"

"கும்புட்டுட்டுத்தான் எடுத்தாந்தேன். மாதாகோயில் வேனுக்குப் பூசக்கூடாதுன்னு எங்க முருகன் சொல்லவே இல்ல லா."

சிரித்துக்கொண்டே மிச்சப் பாதியைத் திருநீற்றால் மூடினார்கள். லயத்துச் சாலையில் மேலே ஏறி, இறங்கி, மறுபடி ஏறி ஓட்டிவிட்டு வந்து நிறுத்தி, இருக்கையைத் தூக்கி, கைப்பேசி வெளிச்சத்தில் குனிந்தார்கள்.

தவுக்கே சொன்ன சீல் பக்கம் ஒரு புதுக் கசிவும் இல்லை. மேல்மூடியைச் சுற்றியும் பவுடர் அப்படியே காய்ந்திருந்தது. ஆனால் என்ஜினின் முதுகில் ஈரமாக ஒரே ஒரு கோடு. செரீனா விரலை அதன்மேல் வைத்து மெல்ல மேலே கொண்டுபோனாள். கோடு ஒரு ரப்பர்க் குழாயின் வாயில் போய் முடிந்தது. அதைப் பிடித்து வைத்திருக்க வேண்டிய கவ்வி உடைந்து, குழாய் பின்பக்கமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அங்கிருந்து வழிந்த எண்ணெய்தான் கியர்பாக்ஸ்மேல் இறங்கி, சீல் போனதுபோல ஊரை ஏமாற்றியிருக்கிறது.

"புடிச்சிட்டேன்!" என்று கத்தினாள் செரீனா. தலையைத் தூக்கியதில் ஸ்டீரிங்கில் மோதிக்கொண்டாள்.

"இது என்னா ட்யூப்?"

"என்ஜின் மூச்சு விடற ட்யூப்பு."

"மூச்சு விடற ட்யூப்ல எண்ணெய் ஏன் வருது?"

செரீனாவுக்கும் அது தெரியவில்லை. தவுக்கேவுக்குப் போன் போட்டாள். அவர் கேட்டுவிட்டுச் சொன்னார்: அந்தக் குழாயில் காற்றுதான் வரவேண்டும். எண்ணெய் வந்தால் இரண்டில் ஒன்று. எண்ணெய் அளவுக்கு மேல் இருக்கிறது. இல்லையென்றால் என்ஜின் உள்ளே தேய்ந்துபோய்விட்டது.

"அளவுக்கு மேல் இல்லை. தினமும் காலையில் குறைவாகத்தான் காட்டுகிறது."

அப்படியென்றால் வேறு வேன் பார்த்துக்கொள்வதுதான் நல்லது என்றார் தவுக்கே.

போனை வைத்துவிட்டு செரீனா வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். கண்டுபிடித்ததெல்லாம் வேனின் சாவுச் செய்தியைத்தானா? தனுஜா அவளை அதிக நேரம் உட்கார விடவில்லை.

"மழ வருது. பவுடரு எல்லாம் கரைஞ்சிடும். வண்டிய கொழுந்து நிறுக்கற கொட்டாய்க்குக் கொண்டா. அங்கன போயி அழுதுக்கலாம்."

கொட்டகையில் சிமெண்டுத் தரை. மேலே தகரத்தில் மழை கொட்டத் தொடங்கியது. கை சும்மா இருக்க மாட்டாமல், பழக்கத்தில் செரீனா என்ஜினிலிருந்து அளவுக் கம்பியை உருவினாள். அப்படியே நின்றாள். மேல் கோட்டைத் தாண்டி இரண்டு விரல் உயரத்துக்கு எண்ணெய் ஏறியிருந்தது.

துடைத்துவிட்டு மறுபடி விட்டு எடுத்தாள். அதே உயரம்.

"காலையில கீழ்க்கோட்டுக்கும் கீழதானே இருந்திச்சு? நீயே ஊத்துனியே?" என்றாள் தனுஜா.

"கொஞ்சந்தான் ஊத்துனேன். இவ்ளோ எப்படி..." செரீனா தரையைப் பார்த்தாள். மட்டமான தரை. பிறகு மழைக்குள் லயத்துச் சாலையைப் பார்த்தாள். சட்டென்று தனுஜாவின் கையிலிருந்த தண்ணீர் போத்தலைப் பிடுங்கிப் படுக்கவைத்து, ஒரு முனையைச் சாய்த்தாள். தண்ணீர் எல்லாம் கீழ்முனைக்கு ஓடியது. மேல்முனை காலி.

"பாத்தியா? பாத்தியாடி? என் வேன் எப்படி நிக்குது?"

லயத்தில் எல்லா வண்டியும் ஒரே மாதிரிதான் நிற்கும்: மூக்கு இறக்கத்தைப் பார்த்து. குளிரில் பேட்டரி படுத்துவிட்டால் உருட்டிவிட்டு ஸ்டார்ட் பண்ண வேண்டுமே. செரீனாவின் வேன் முன்பெல்லாம் சமதரையில் நின்றது. கிறிஸ்துமஸுக்குப் பிறகு அந்த இடத்தில் தண்ணீர்த் தொட்டி கட்டினார்கள். அவளும் வேனைச் சரிவுக்கு மாற்றினாள். அன்றிலிருந்து ஒவ்வொரு காலையும் எண்ணெயெல்லாம் என்ஜினின் முன்பக்கம் ஓடிக் கிடந்திருக்கிறது. அளவுக் கம்பி இறங்குவதோ பின்பக்கம். கம்பி குறைவென்று காட்டும், அவள் ஊற்றுவாள். வண்டி ஓடும்போது மிஞ்சியது மூச்சுக் குழாய் வழியே வெளியே கொட்டும். ஐயோ, ஒழுகுகிறதே என்று மறுநாள் இன்னும் கவனமாகப் பார்த்து ஊற்றுவாள்.

தனுஜாவுக்கு அது புரிந்ததும் சிரிப்பு தாங்கவில்லை. "சாப்பிட்டுக் கை கழுவுனவன திரும்பத் திரும்பப் பந்தியில உக்கார வச்சிருக்கியேடி! வாந்தி எடுக்காம என்னா பண்ணுவான்?"

"சீல் போவல. என்ஜின் தேயல. ஒரு எழவும் இல்ல!" செரீனா அவளைக் கட்டிப்பிடித்துக் கொட்டகையைச் சுற்றினாள். இருவர் முகத்திலும் எண்ணெய்க் கரி அப்பிக்கொண்டது.

அடிப்பக்கத்து நட்டை இளக்கி, துணி துவைக்கும் பேசினில் அதிகப்படி எண்ணெயை வடித்தார்கள். கம்பி சரியான கோட்டைக் காட்டியதும் முறுக்கி மூடினாள். குழாயை அதன் இடத்தில் சொருகி, எல்வினின் சாமான் பெட்டியில் கிடந்த கவ்வி ஒன்றைப் போட்டாள். வேனை எடுத்துக்கொண்டு தானா ராத்தா வரை போய்த் திரும்பினார்கள். அடியில் படுத்துப் பார்த்தாள். எண்ணெய் இல்லை.

திங்கட்கிழமை காலை கேட்டில் துரை சொன்னபடி நின்றார். வேடிக்கை பார்க்க யோகேந்திரன், வெளியிலிருந்து வந்த லோரியைக் கேட்டுக்கு நடுவிலேயே நிறுத்தியிருந்தான். பிள்ளைகள் நிறைந்த வேன் வளைவு திரும்பி வந்து கேட்டுக் கூரைக்கடியில் நின்றது.

"என்ஜினை நிறுத்தாத. ஓடட்டும்" என்றார் துரை. பெட்டி அட்டை ஒன்றைப் பிரித்து வேனுக்கடியில் தள்ளச் சொன்னார். பின்சீட்டில் ஒரு பிள்ளை தும்மியதற்கே மற்றவை "உஷ்" என்றன. நல்ல நேரம் கழித்து துரை அட்டையை இழுத்துப் பார்த்தார். திருப்பியும் பார்த்தார். திருப்தி இல்லாமல் தானே குனிந்து என்ஜினின் அடிவயிற்றில் கையைத் தடவி, விரலை வெளிச்சத்தில் பிடித்தார். விரலில் எண்ணெய் இல்லை.

"எந்தப் பட்டறையிலம்மா செஞ்சே?"

"கொழுந்து கொட்டாய்ல துரை. நானும் தனுஜாவும்."

துரை அவளை ஒருமுறை பார்த்தார். சிரித்துவிட்டார். "போ."

யோகேந்திரன் ஜன்னலருகே வந்து குரலைத் தாழ்த்தினான். "ஏய், உண்மைய சொல்லு லா. என்னாதான் மாத்துன?"

"பெருசா ஒண்ணும் மாத்தல. பொம்பள கையி பட்டுச்சு, நின்னுடுச்சு." இந்தத் தடவை பதில் வாயைவிட்டு வந்தது. வேனுக்குள் பெரிய பிள்ளைகள் ஓவென்று கத்தினார்கள்.

"யோகேந்திரா," என்றார் துரை, "லோரிய எடு. பிள்ளைங்களுக்கு நேரமாவுது."

ஒற்றை வழிச் சாலை அது. கொழுந்து லோரிக்கு எஸ்டேட்டில் எல்லா வண்டியும் ஒதுங்கும். அன்று லோரிதான் வேனுக்கு வழிவிட, பீப் பீப் என்று கத்திக்கொண்டே, வெளியே அடுத்த வளைவு வரைக்கும் பின்னால் போனது. செரீனா கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டு, ஹாரனை அழுத்திக்கொண்டே அதைத் தாண்டிப் போனாள்.