அவள் ஓட்டினால் நிற்கும் வேன்

நான்கு மாதத்தில் பதினோரு முறை அந்தப் பழைய வேன் நடுரோட்டில் நின்றிருந்தது. பதினோரு முறையும் மெக்கானிக் வந்து சாவியைத் திருப்பியதும் ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி கிளம்பிவிட்டது. மெக்கானிக் வந்து சேர எப்போதும் ஒரு மணி நேரமாவது ஆகும் என்பதை யாரும் யோசிக்கவில்லை. கோளாறு வேனில் இல்லை, ஓட்டுகிறவளிடம்தான் என்று வீட்டில் தீர்ப்பே எழுதிவிட்டார்கள்.

அவள் லாண்டரி நடத்துகிறாள். ஊருக்கு வெளியே இருக்கும் பெரிய ஓட்டலின் படுக்கை விரிப்புகளும் துண்டுகளும் அவளிடம்தான் வருகின்றன. வேனை அவளுக்கு விற்றது அவளுடைய அண்ணன். ஓட்டை வண்டியைத் தலையில் கட்டிவிட்டான் என்று அவள் கணவன் கரித்துக்கொட்டாத நாளில்லை. போன வாரம் வேன் பாலத்தில் நின்றபோது மச்சானுக்கே போன் செய்து, "நீங்க திருட்டுப் பயல்" என்று சொல்லிவிட்டான். அண்ணன் விடுவானா? "நான் வந்து உட்கார்றேன். என் கண்ணு முன்னாடி நிக்கட்டும்" என்று இந்த வாரம் ஓட்டலுக்குக் கிளம்பும் நாளில் காலையிலேயே வந்து முன்சீட்டில் ஏறிக்கொண்டான். மச்சான் மூக்கு உடைவதைப் பார்க்கவேண்டும் என்று கணவனும் ஏறினான். பின்னால் விரிப்பு மூட்டைகள். பதினோரு மணிக்குள் கொடுக்கவேண்டும். தாமதமானால் இனி வரவேண்டாம் என்று ஓட்டல் சூப்பர்வைசர் ஏற்கெனவே சொல்லியிருந்தாள்.

எப்போதும் போல அரைமணி நேரம் வேன் ஒழுங்காக ஓடியது. பிறகு ஆஸ்பத்திரி வாசலுக்கு எதிரே, ஏற்றத்தில், வேன் இரண்டு முறை திக்கி நின்றது.

"பாத்தீங்களா மச்சான்?" கணவனின் குரலில் சந்தோஷம் வழிந்தது.

"கிளட்ச்சை அப்படி மிதிச்சா எந்த வண்டிதான் நிக்காது? நான் ஆறு வருஷம் ஓட்டினேன். ஒரு நாள் நின்னதில்ல."

"அப்ப என் பொண்டாட்டிக்கு ஓட்டத் தெரியலைன்னு சொல்றீங்க."

"நீங்கதானே மாப்பிள்ளை ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியுறீங்க?"

அதுவும் உண்மைதான். அவளுக்குக் காது மடல் சுட்டது. பின்னால் ஒரு பஸ் விடாமல் ஹாரன் அடித்தது. ஆட்டோக்காரர் ஒருவர் தலையை நீட்டி, "ஓரமா போட்டுச் சண்டை போடுங்கய்யா" என்று கத்திவிட்டுப் போனார்.

வேனை ஓரமாக உருட்டி நிறுத்தியதும் கணவன் மெக்கானிக்குக்குப் போன் போட எடுத்தான்.

"போனை வைங்க. அவர் வர்றதுக்குள்ள இது சரியாயிடும். அப்புறம் மறுபடி நான்தான் பைத்தியக்காரி. இப்பவே பார்க்கணும். ரெண்டு பேரும் இறங்குங்க, இன்ஜின் சீட்டுக்கு அடியில இருக்கு."

அவள் சாவியைத் திருப்பினாள். ஸ்டார்ட்டர் மோட்டார் பலமாகச் சுற்றியது, இன்ஜின் மட்டும் பிடிக்கவில்லை.

"பேட்டரி போச்சு," என்றான் கணவன்.

"பேட்டரி போனா இவ்வளவு வேகமா சுத்துமா?" என்றாள் அவள்.

"பிளக்குக்குக் கரண்ட் வரலை," என்றான் அண்ணன்.

அவள் இறங்கிச் சீட்டைத் தூக்கினாள். முகத்தில் அனல் அடித்தது. ஒரு பிளக்கைக் கழற்றி வயரில் மாட்டி, அதன் உடம்பு இன்ஜின் இரும்பில் படும்படி வைத்து, அண்ணனைச் சாவி திருப்பச் சொன்னாள். டிக் டிக்கென்று நீலப் பொறி தெறித்தது. கரண்ட் இருக்கிறது. பிளக்கைத் திரும்ப முடுக்கிவிட்டு, இன்ஜின் சூடு தணியும்வரை காத்திருந்தாள். அந்தப் பத்து நிமிஷமும் மாமனார் வீட்டு வரலாறு முழுவதையும் கணவன் எடுத்து அலசினான். அண்ணன் ஒன்றுக்கு இரண்டாகத் திருப்பிக் கொடுத்தான். அவள் எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பிறகு கார்புரேட்டருக்கு வரும் பெட்ரோல் குழாயைக் கழற்றி, நுனியை ஒரு காலி பாட்டிலுக்குள் விட்டாள்.

"அண்ணே, திருப்பு."

நாலு சொட்டு விழுந்தது. அதோடு சரி.

"பம்ப் போச்சு. குப்பை வண்டி," என்றான் கணவன்.

பம்ப் போயிருந்தால் ஒரு மணி நேரத்தில் எப்படி உயிர் வரும்? குழாயைப் பிடித்தபடி யோசித்தாள். டேங்க்கில் பெட்ரோல் நிறைய இருக்கிறது, ஆனால் வரமாட்டேன் என்கிறது. லாண்டரியில் இருபது லிட்டர் சோப்புத் திரவக் கேன் இப்படித்தான் செய்யும். மேல்மூடியைக் கொஞ்சம் தளர்த்தாவிட்டால் அடிக்குழாயில் ஒழுகல் நின்றுவிடும்; காற்று உள்ளே போனால்தான் திரவம் வெளியே வரும்.

பக்கவாட்டுக்குப் போய் டேங்க் மூடியைத் திருகினாள். உஸ்ஸென்று காற்றை உள்ளே இழுத்தது டேங்க்.

"இப்பத் திருப்பு."

பாட்டிலில் பெட்ரோல் பீய்ச்சியடித்தது.

மூடியின் உள்பக்கத்தைத் துடைத்துப் பார்த்தாள். காற்று போகவேண்டிய சின்னத் துளையை வெள்ளைப் பசை ஒன்று இறுகி அடைத்திருந்தது. குளியலறைக் குழாய் ஒழுகியபோது பூசிய அதே பசை.

"அண்ணே, இது நீ பூசினதா?"

"நான் எதுக்குப் பூசுறேன்?"

அவள் கணவனைப் பார்த்தாள். அவன் முகத்தில் ஈயாடவில்லை.

"உள்ளே பெட்ரோல் நாத்தம் அடிக்குதுன்னு நீதானே சொன்ன," என்றான் மெதுவாக. "அதான், வண்டி வந்த புதுசுல... மறந்தே போச்சு."

அண்ணன் காத்திருந்த மாதிரி பாய்ந்தான். "திருட்டுப் பயல் யாரு மாப்பிள்ளை? இப்பச் சொல்லுங்க, யாரு?" சட்டைக் காலரைப் பிடித்தான். கணவன் அந்தக் கையை முறுக்கினான். ஆஸ்பத்திரி வாசலில் நின்றவர்கள் வேடிக்கை பார்க்கத் திரும்பினார்கள்.

அவள் சேலையிலிருந்து ஊக்கைக் கழற்றி, பசையைக் குத்திக் குடைந்து எடுத்தாள். துளையில் வாய் வைத்து ஊதிப் பார்த்தாள். குழாயை மாட்டிக் கிளிப்பை முடுக்கினாள். சீட்டை இறக்கி, ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினாள். இரண்டாவது சுற்றில் இன்ஜின் பிடித்தது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் விட்டுவிட்டுக் கதவுக்கு ஓடிவந்தார்கள். அவள் உள்ளிருந்து பூட்டிவிட்டாள்.

"ஏய், எங்களை விட்டுட்டா?"

"ஓட்டத் தெரியாதவ வண்டியில எதுக்கு ஏறணும்?" என்றவள் கிளம்பிவிட்டாள்.

ஓட்டலுக்குப் பதினொன்றேகாலுக்குப் போனாள். சூப்பர்வைசர் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டி, வேலையாட்கள் முன்னால் வாயில் வந்தபடியெல்லாம் பேசினாள். அடுத்த வாரம் வேறு ஆளைப் பார்ப்பதாகச் சொன்னாள்.

"இனிமே வண்டி நிக்காதும்மா," என்றாள் அவள்.

"இதைத்தானே ஒவ்வொரு தடவையும் சொல்ற!"

மூட்டைகளை ஒவ்வொன்றாக அவளே முதுகில் சுமந்து இறக்கினாள். கடைசி மூட்டையை வைத்தபோது சூப்பர்வைசர் முகத்தைத் திருப்பிக்கொண்டே, "ஒரு வாரம் பார்ப்போம்," என்றாள்.

வேனுக்கு வந்தபோது போன் அடித்தது. கணவன்தான்.

"வந்து கூட்டிட்டுப் போ. உங்கண்ணன் பஸ் ஏறிப் போயிட்டான்."

"நீங்களும் ஏறுங்க."

"நான் என்ன வேணும்னா பண்ணினேன்?"

"பசை வேணும்னு பூசலைங்க, தெரியும். நாலு மாசமா எனக்கு ஓட்டத் தெரியலைன்னு போற வர்றவங்ககிட்ட எல்லாம் சொன்னீங்களே, அது?"

அவள் போனை அணைத்துப் பக்கத்தில் வைத்துவிட்டு வண்டியை எடுத்தாள். வீட்டுக்குத் திரும்பும் வளைவைத் தாண்டி, நேராகப் புறவழிச்சாலையில் ஏறினாள். எப்போதும் வேன் நிற்கும் அரைமணி நேரம் கடந்தது, முக்கால் மணியும் ஆயிற்று. இன்ஜின் ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது.